டின் மாட்டுக்கறி: பன்னிரண்டு வருடம் தின்றவன் கணக்கு

அபுதாபி பக்கம் முசாஃபாவில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்த அறையில் முதல் டின்னை நான் திறந்தது 2009 ஜூலையில். டின்னைவிட என் கட்டைவிரலுக்குத்தான் அன்றைக்குச் சேதம் அதிகம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்னச் சாவியைப் பிய்த்து, தகரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை அதன் துளையில் மாட்டி, டின்னைச் சுற்றி ஒரு பட்டையை உரித்துக்கொண்டே போக வேண்டும். பாதியில் பட்டை அறுந்தது. மிச்சத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். தழும்பு இன்னும் இருக்கிறது. உள்ளேயிருந்து வந்தது ரோஸ் நிறத்தில் ஒரு செங்கல், ஓரமெல்லாம் வெள்ளைக் கொழுப்பு. எதிர்க் கட்டிலில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை வெட்டி அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். நானும் போட்டேன். உப்பும் கொழுப்பும் சேர்ந்து மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது. இதற்கு ஏழெட்டு திர்ஹாம் கொடுத்தோமே என்று இருந்தது.

அப்புறம் 2021இல் மதுரைக்குத் திரும்பும்வரை, வாரத்துக்கு ஒரு டின்னாவது தின்றிருப்பேன். சில வாரம் மூன்று. ஏசி மெக்கானிக் வேலை; ஆகஸ்ட் மாதம் அந்த ஊரில் சில்லர் நின்றால் ராத்திரி ஒரு மணிக்கும் கூப்பிடுவார்கள். வேலை முடித்து அறைக்கு வரும்போது மெஸ் பூட்டியிருக்கும். அரிசி வேகக்கூடப் பொறுமை இருக்காது. அந்த நேரத்தில் பத்து நிமிடத்தில் கறி வாசனையோடு ஒரு தட்டு தேவை என்றால், கட்டிலுக்கடியில் இருக்கும் டின்தான். பழகப் பழகப் பிடித்தது என்று சொல்வது பொய். பிடித்துப்போனதற்கு ஒரு நாளும் ஒரு காரணமும் இருக்கிறது.

அதற்கு முன் பேர்க் குழப்பம். எங்கள் அறைக்குப் புதிதாக வந்த சிவகங்கைத் தம்பி ஒருவன் 'கார்ன் பீஃப்' என்ற இதன் ஆங்கிலப் பேரைக் கேட்டதும், மக்காச்சோளம் போட்ட கறி என்று நினைத்து, டின்னை வழித்து வழித்துச் சோளத்தைத் தேடினான். சோளம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'கார்ன்' என்றால் மணி, எந்த மணியாக இருந்தாலும் சரி. இங்கே அது உப்பு மணி. நம்ம கல்லுப்பு மாதிரி பெரிய பெரிய உப்பை இறைச்சியில் அப்பி ஊறவைத்ததால் வந்த பேர். ஆக, அந்தப் பேரைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் உப்புக் கறி. இதை எனக்கு யாராவது முதல் மாதமே சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் முதல் இரண்டு வருடம் இதைக் கறி என்று நினைத்துத்தான் சமைத்தேன். கறி என்றால் நமக்கு என்ன? இஞ்சி பூண்டு, தக்காளி, மல்லித்தூள், தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு குழம்பு. டின் கறியைக் குழம்பில் போட்டால் ரெண்டு நிமிடத்தில் கரைந்து நூல் நூலாக மிதக்கும். மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் நிற்கும். உப்பு கரிக்கும். தகர வாசனை ஒன்று எங்கேயோ அடியிலிருந்து எழுந்து வரும். அது ஏற்கெனவே வெந்த கறி. டின்னுக்குள் அடைத்து மூடிய பிறகும் கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் மறுபடி வேகவைத்தது. அதை மூன்றாம் தடவை தண்ணீரில் வேகவைத்தால் என்ன மிஞ்சும்? அறைத் தோழன் ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை இதில் பிரியாணியே போட்டான். தம் பிரித்துப் பார்த்தால் கறி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அரிசி முழுக்க ரோஸ் நிறத் தூசி படிந்தது மாதிரி. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, தின்று முடித்தோம்.

2011இல் ஒரு நாள் ஊருக்கு போன் போட்டபோது அம்மாச்சி எடுத்தது. திருமங்கலம் பக்கத்தில் இருந்த அம்மாச்சி அப்போதுதான் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தது.

"என்னய்யா சாப்ட்ட?"

"டின்னுல அடைச்ச மாட்டுக்கறி அம்மாச்சி. ஒரே உப்பு. கொழம்பு வச்சா கரைஞ்சு போகுது."

"உப்புப் போட்டு வச்ச கறியா? அப்ப அது கண்டம்தானய்யா. கண்டத்துல யாராச்சும் கொழம்பு வப்பாங்களா? தண்ணியே காட்டாத. வெங்காயத்த நெறயாப் போட்டுப் பெரட்டு. உப்பு போடாத. கிண்டாம விடு, அடி புடிக்கட்டும்."

நான் இதுவரை கேட்ட சமையல் குறிப்புகளிலேயே இதைவிடச் சுருக்கமானது கிடையாது. எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு வெட்டும் கிடாயில் மிஞ்சியதை அம்மாச்சி கண்டம் போடும். கறியை விரல் நீளத்துக்குக் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த் தூளும் பிசறி, சணலில் கோத்து மொட்டை மாடியில் கட்டிவிடும். சித்திரை வெயிலில் நாலைந்து நாளில் சுள்ளியாகிவிடும். காக்காய்க்குக் காவல் நாங்கள். அதைப் பொரிக்கும் முன் உரலில் போட்டு ரெண்டு இடி. நார் நாராகப் பிரிந்துவிடும். அந்த நாரும் டின்னுக்குள் இருக்கும் நாரும் அண்ணன் தம்பி என்பது, போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்று வெயிலில் காய்ந்தது, இன்னொன்று தகரத்துக்குள் வெந்தது. ரெண்டுக்கும் அடிப்படை உப்பு. ஆட்டையும் மாட்டையும் கெட்டுப்போகாமல் வைத்திருக்க ஒரு ஊருக்கு வெயில் கிடைத்தது, இன்னொரு ஊருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி செய்ததைத்தான் அடுத்த பத்து வருடமும் செய்தேன், சின்னச் சின்ன மாற்றங்களோடு. முதலில் டின்னை நாலு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர் வெயிலுக்குக் கொழுப்பு உருகி, களி மாதிரி கொட்டும். குளிர்ந்த டின்னின் ஓரத்தில் உறைந்திருக்கும் கொழுப்பை ஸ்பூனால் வழித்து இரும்புச்சட்டியில் போட்டு உருக்கினால் தனியாக எண்ணெய் வேண்டாம். அதில் சோம்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய் ஏழெட்டு, ஊரிலிருந்து வந்த கறிவேப்பிலை. வெங்காயம் கறியின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். 340 கிராம் டின்னுக்கு நாலு பெரிய வெங்காயம். சின்ன வெங்காயம் என்றால் இன்னும் நல்லது, ஆனால் அங்கே அதன் விலையைப் பார்த்தால் உரிக்கும் முன்பே கண்ணீர் வரும். வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகுதான் கறியை உதிர்த்துப் போட வேண்டும். போட்டுப் பரப்பி, கரண்டியால் அழுத்திவிட்டு, கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று நாலு நிமிடம். இந்த இடத்தில்தான் எல்லோரும் கெடுப்பார்கள், கை சும்மா இருக்காது. அடியில் சடசடவென்று சத்தம் வந்து, அது அடங்கி, வேறு ஒரு மெல்லிய சத்தமாக மாறும்போது திருப்பிப் போட்டு மறுபடி அழுத்த வேண்டும். ரெண்டு தடவை திருப்பினால் பாதி மொறுமொறுப்பாகவும் பாதி மெத்தென்றும் வரும். கடைசியில் இடித்த மிளகும் அரை எலுமிச்சம்பழமும். உப்பு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

இந்தப் பிரட்டலுக்குத் துணை என்ன என்பதில்தான் மிச்சம் எல்லாமே. என் கணக்கில் முதலிடம் மிளகு ரசம் சோறு. புளிப்பும் காரமும் அந்தக் கொழுப்பை அறுத்துவிடும். ஒரு வாய் ரசம் சோறு, ஒரு கிள்ளு கறி என்று போனால் திகட்டவே திகட்டாது. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட இது இறங்கியிருக்கிறது. சாம்பாருக்குப் பொருந்தாது. தயிர் சோற்றுக்குப் பரவாயில்லை, ஆனால் ஊறுகாய் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. பழைய சோற்றுக்கு அருமை, ஒரு நிபந்தனையோடு: கறி சட்டியிலிருந்து நேராக, சூடாக வர வேண்டும். குளிர்ந்த சோற்றோடு குளிர்ந்த டின் கறியைத் தொட்டுக்கொண்டால் கொழுப்பு வாயிலேயே உறைந்துவிடும். ஒரே ஒரு தடவை செய்தேன்.

கொத்து பரோட்டா இல்லாமல் மதுரைக்காரன் எத்தனை நாள் இருப்பான்? ரெண்டு நாள் பழசான குபூஸ் ரொட்டி கிடக்கும், ரப்பர் மாதிரி. அதைப் பிய்த்துப் போட்டு, வெங்காயம் தக்காளி பச்சைமிளகாயோடு முட்டை ஊற்றி, தகடுகளுக்குப் பதில் ரெண்டு எவர்சில்வர் டம்ளரின் விளிம்பால் கொத்துவோம். மேல்மாடியிலிருந்து ஒரு பாகிஸ்தானி பெரியவர் இறங்கி வந்து, என்ன உடைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து தட்டோடு வந்தார். இதில் கற்றுக்கொண்ட பாடம், டின் கறியை முன்பே பிரட்டி மொறுமொறுப்பாக்கி வைத்து, கொத்தி முடித்த பிறகு கடைசியில் கலக்க வேண்டும். முதலிலேயே போட்டுக் கொத்தினால் பசையாகிவிடும். சால்னா இல்லாத குறை இருக்கத்தான் செய்தது. நம்ம ஊர்த் தெருமுனைக் கடையில் ராத்திரி பதினோரு மணிக்கு வாளியிலிருந்து அள்ளி ஊற்றும் சால்னாவுக்கு மாற்று எங்கே போய்த் தேடுவது? சோம்பும் தக்காளியும் முந்திரியும் அரைத்து ஒன்று செய்வோம். பேருக்கு.

கறி தோசை விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு திமிரான அபிப்பிராயம் உண்டு. கறி தோசை மதுரையின் சொத்து என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கனமான தோசை, அதன் மேல் அடித்து ஊற்றிய முட்டை, அதன் மேல் கெட்டியாக வெந்த கறி, அப்படியே கவிழ்த்துப் போட்டு எடுப்பது. ஆனால் ஆட்டுக்கறித் துண்டு பல தடவை தோசையிலிருந்து நழுவித் தட்டில் தனியாகக் கிடக்கும். டின் கறியின் நார் அப்படி நழுவாது. முட்டை அதைப் பிடித்துக்கொள்ளும். திருப்பிப் போட்டால் கறிப் பக்கம் கல்லில் நேராகப் பட்டு முறுகும். டின் கறியால் செய்தவற்றில் ஒரிஜினலுக்குச் சமமாக, ஒரு இடத்தில் ஒரு படி மேலாகவும் வந்தது இது ஒன்றுதான். இதைச் சொன்னால் ஊரில் என் மச்சான் பேசவே மாட்டேன் என்கிறார்.

பிலிப்பைன்ஸ்காரர் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குயா என்று கூப்பிடுவோம், அவர்கள் பேச்சில் அண்ணன். முந்தின நாள் சோற்றைப் பூண்டு போட்டு வறுத்து, ஓரத்தில் ஒரு முட்டை பொரித்து, வெங்காயம் தக்காளி உருளைக்கிழங்கோடு வதக்கிய டின் கறியை வைப்பார். வறுத்த சோறு சினங்காக், முட்டை இத்லோக். மூன்றையும் ஒட்டி அவர்கள் வைத்திருக்கும் பேர் கார்ன்சிலோக். அவர்கள் ஊரில் இது சாதாரணக் காலைச் சாப்பாடு. பழைய சோற்றை வீணாக்காத இன்னொரு ஜாதி என்று எனக்கு உடனே ஒட்டிப்போனது. அவர் கறியில் ஈரம் அதிகம், எனக்கு அது சரிப்படவில்லை. என் மிளகாய் அவருக்குச் சரிப்படவில்லை. பூண்டுச் சோறு மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பசிபிக் தீவான சமோவாவில் இதைப் 'பிசுப்போ' என்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். அங்கே முதலில் போன டின் பட்டாணி சூப்பாம். 'பீ சூப்' என்ற பேரே அப்புறம் வந்த டின் கறிக்கும் ஒட்டிக்கொண்டது. சோளம் இல்லாத கார்னும் பட்டாணி இல்லாத பீ சூப்பும். பேர் விஷயத்தில் இந்த டின்னுக்கு ராசியே இல்லை.

டின் ஏன் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அது 1875இல் சிகாகோவில் வில்சன் என்பவர் காப்புரிமை வாங்கிய வடிவம். அகலமான பக்கத்தைத் திறந்து தட்டினால் கறி உடையாமல் முழுக்கட்டியாக நழுவி வரும், வெட்டித் துண்டு போடலாம். வராவிட்டால் எதிர்ப்பக்கத்தில் ஆணியால் ஒரு ஓட்டை போடுங்கள். காற்று உள்ளே போனதும் கட்டி தானாக விழும். நான் வாங்கியதில் பெரும்பாலானவை பிரேசிலில் செய்தவை, ஹலால் முத்திரையோடு. இந்தத் தொழிலின் பழைய தலைநகரம் உருகுவே நாட்டின் ஃப்ரே பெண்டோஸ். அங்கே 1860களில் மாட்டிறைச்சியை வேகவைத்துச் சாறு எடுத்து விற்ற கம்பெனி, 1873இல் டின் கறியும் போட ஆரம்பித்தது. அந்த ஆலைப் பகுதி 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. நம்ம மொட்டை மாடிச் சணலுக்கும் ஒரு நாள் கொடுப்பார்கள் என்று நம்புவோம்.

டின் நசுங்கியிருந்தால் நான் தொட மாட்டேன், பாதி விலைக்குக் கொடுத்தாலும். ஒரு தடவை முகாம் பக்கத்துக் கடை ஒன்றில் மூலை நசுங்கிய டின்களைக் குவித்துவைத்து விற்றார்கள். வாங்கிய ஆறில் ஒன்று கட்டிலுக்கடியில் ஒரு மாதத்தில் பலூன் மாதிரி உப்பிவிட்டது. திறக்கவே இல்லை, கவரில் கட்டிக் குப்பையில் போட்டோம். மற்ற ஐந்தையும் தைரியம் வராமல் அதோடு சேர்த்துவிட்டோம். 1964இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் 400க்கும் மேற்பட்டவர்களுக்கு டைபாய்டு வந்ததற்கு ஒரு டின் கறிதான் காரணம். அர்ஜென்டினாவில் ஆலையில் சூடாக இருந்த டின்களைச் சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரில் குளிரவைத்திருக்கிறார்கள். தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் போதும், டின் குளிரும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கடையில் அந்தக் கறியை வெட்டிய கத்தியும் பலகையும் மற்றக் கறிகளுக்கும் பரப்பிவிட்டன. கெடாத பொருள் என்று நாம் நம்புவது தகரத்தை, கறியை இல்லை.

உடம்பு விஷயம். இதில் நான் உத்தமன் இல்லை. 100 கிராம் டின் கறியில் ஏறக்குறைய 2 முதல் 2.5 கிராம் உப்பு. ஒரு டின்னை ஒரே ஆளாக முடித்தால் ஏழெட்டு கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த நிறமும் சும்மா வருவதில்லை, சோடியம் நைட்ரைட் தருவது. விஷக் கிருமி வளராமல் தடுப்பதும் அதே நைட்ரைட்தான். அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் இப்படிப் பதப்படுத்திய இறைச்சிகளைப் புற்றுநோய் வரவழைப்பவை என்று முதல் பிரிவில் சேர்த்தது; தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இதையெல்லாம் நான் 2018இல், லீவில் வந்து பிரஷர் பார்த்து, டாக்டர் முகத்தைப் பார்த்த பிறகுதான் படித்தேன். அதற்கப்புறம் ஒரு டின்னை மூன்று பேர் பங்கு போட்டோம். வெங்காயம் நாலு ஆறாகியது. ருசி குறையவில்லை, சத்தியமாக.

மனசு சரியில்லாத நாளுக்கும் எனக்கு ஏற்ற சாப்பாடு இதுதான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சம்பளம் ரெண்டு மாதம் நின்றபோது உதவியது. மகள் பிறந்த செய்தி வந்து, போக முடியாமல் உட்கார்ந்திருந்த ராத்திரியிலும் உதவியது. அன்று நாலு பேருக்கும் கறி தோசை. அம்மாச்சி 2017இல் போய்ச் சேர்ந்தது. லீவு கிடைக்கவில்லை. குயா டின்னை எடுத்துத் திறக்கப் போனார், வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க மெஸ் பருப்புதான்.

திரும்பி வந்த பிறகு ஒரு வருடம் இதை மறந்திருந்தேன். பேராலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நெல்பேட்டைப் பக்கம் போனால் நல்ல கறியே கிடைக்கும்போது டின் எதற்கு? ஆனால் அடுத்த மழைக்காலத்தில், மின்சாரம் போன ஒரு ராத்திரி, மிளகு ரசத்தைப் பிசையும்போது நாக்கு அதைத்தான் கேட்டது. இங்கே வாங்க வழியில்லை. மாட்டிறைச்சியும் அது கலந்த பொருளும் எந்த வடிவத்திலும் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை. வருகிறவர்களிடம் சொல்லிவிடவும் கூடாது, பாவம், விமான நிலையத்தில் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

நெஞ்சுக்கறி, கொழுப்போடு, ஒரு கிலோ. கடைக்காரரிடம் "வெட்டாதீங்க, முழுசா" என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார். 25 கிராம் கல்லுப்பை மிளகு, சோம்பு, ரெண்டு பட்டையோடு ஒன்றிரண்டாக இடித்து எல்லாப் பக்கமும் தேய்த்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் மூன்று நாள். தினமும் ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். நாலாம் நாள் கழுவி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி குக்கரில். இங்கே கிடைப்பது பெரும்பாலும் வயசான மாடு, எட்டு விசிலுக்கு மசியாது. முதல் தடவை அந்தத் தப்பைச் செய்து ஒரு வாரம் தாடை வலித்தது. இப்போது முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் ஒரு மணி நேரம். வெந்ததும் கையால் நார் நாராகப் பிரித்து, வேகவைத்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, கொழுப்பையும் சேர்த்து எவர்சில்வர் டிபன் டப்பாவில் அமுக்கி, மேலே அம்மிக்குழவி. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். காலையில் கவிழ்த்தால் செங்கல் தயார்.

நிறம் வராது. நைட்ரைட் இல்லாததால் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், பார்க்க டின் கறி போலவே இருக்காது. நிறத்துக்காக வெடியுப்பு வாங்கிப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். கை அளவுக்குப் போடும் சாமான் இல்லை அது, வேண்டாம். ருசியில் டின்னைவிட நல்லது, நார் தடிமன், உப்பு என் கையில். ஆனால் டின்னின் அந்த வழுவழுப்பு இல்லை, அது சட்டியில் உருகிக் கிளப்பும் வாசனையில் பாதிதான் வருகிறது. பத்துக்கு ஏழு போடுவேன். மூன்று நாளுக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும். தகரம் செய்த வேலையை டிபன் டப்பா செய்யாது.

மனைவி ஆரம்பத்தில் இதைத் தொடவில்லை. நல்ல கறியை எதற்குப் பிடித்து நசுக்குகிறீர்கள் என்பது அவள் கேள்வி. மகளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடித்துவிட்டது, ஆனால் அவள் கறிக்காக வருவதில்லை. பிரட்டி எடுத்த பிறகு சட்டியில் ஒட்டியிருக்கும் கருகலில் சூடான சோற்றைக் கொட்டி, கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பிரட்டித் தருவேன், அதற்கு வருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் சட்டியை எடுத்தபோது அது காலி. மனைவி வாயைத் துடைத்துக்கொண்டே, "சட்டியத் தேய்ச்சு வச்சுட்டேன்" என்றாள். தண்ணீர் பட்ட அடையாளமே இல்லை.